பழைய காரில் எர்த் விட்டுப்போனால்

பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டு விளக்கு லேசாக மினுங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்பும் சேர்ந்து துடிக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சாமான்கள் இப்படிச் சேர்ந்து ஆடினால், ஃபியூஸ் பெட்டியை நோண்டுவதற்கு முன்னால் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பார்க்க வேண்டும். பல்பு, ஸ்விட்ச், ரிலே, கடைசியில் பேட்டரி என்று வரிசையாக மாற்றிப் பணம் கரைந்த பிறகு, பெயின்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த ஒற்றைத் திருகாணிதான் காரணம் என்று தெரியவருவது பழைய கார்களில் சர்வ சாதாரணம்.

காரில் பிளஸ்ஸுக்குத்தான் முழு ஒயர் உண்டு. கரண்ட் திரும்பி வரும் வழி பெரும்பாலும் தகரம். விளக்கிலிருந்து ஒரு சாண் நீளக் கறுப்பு ஒயர், அதன் நுனியில் ரிங் டெர்மினல், அது பாடியில் முடுக்கப்பட்ட இடம், அங்கிருந்து பாடி முழுக்க ஓடி பேட்டரி மைனஸ். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டையோ தடித்த கேபிளோ தனியாகப் போட்டிருப்பார்கள். கார் புதிதாக இருந்தபோது இந்த இணைப்புகளில் உலோகம் உலோகத்தை நேராகத் தொட்டது. வருடங்கள் போகப் போக நடுவில் ஈரம் புகுகிறது. செம்பு டெர்மினல், இரும்புத் தகரம், அலுமினிய கியர்பாக்ஸ் என்று வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இரும்பில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. மூன்றும் கரண்டுக்கு எதிரி. இவை போதாதென்று, பாடி வேலை பார்த்த இடத்தில் எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்துவிடுவார்கள். புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த கார்தான் எலக்ட்ரிக்கலில் அதிகம் படுத்தும்.

எவ்வளவு சின்னத் தடை போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 12 வோல்ட்டில் 55 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 2.6 ஓம். எர்த்தில் வெறும் அரை ஓம் தடை சேர்ந்தால் கரண்ட் 3.9 ஆம்பியருக்கும் கீழே இறங்கி, எர்த் இணைப்பிலேயே 1.9 வோல்ட் தங்கிவிடும். பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட் சொச்சம். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் அவ்வளவுதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு செங்குத்தாக விழும். இந்தக் கணக்கில் மிஞ்சுவது பாதியை ஒட்டித்தான். செல்ஃப் மோட்டாரின் கதை இன்னும் மோசம். அது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 0.02 ஓம் தடையிலேயே 3 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் கார்களில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடுவதால், 12 வோல்ட் காரில் யாரும் கவனிக்காத எர்த் குறை அங்கே பெரிய குறையாகத் தெரியும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 0.02 ஓமை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் கண்டுபிடிக்கவே முடியாது. சாதாரண மீட்டரின் இரண்டு புரோப் ஒயர்களைத் தொட வைத்தாலே 0.2, 0.3 ஓம் என்று காட்டும். 'பீப்' சத்தம் வந்தது, எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. கேபிளுக்குள் எல்லா இழையும் அறுந்து தலைமுடி போல ஒற்றை இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் கத்தும். அந்த ஒற்றை இழை செல்ஃப் மோட்டாருக்கு என்ன தாங்கும்?

ஆகவே சோதனை எப்போதும் லோடு ஓடும்போதுதான். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு புரோப்பை பேட்டரியின் மைனஸ் முனையிலேயே குத்துங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈய முனையில். சிவப்பு புரோப்பை, சந்தேகப்படும் சாமானின் எர்த் பக்கத்தில் வையுங்கள்: பல்பு ஹோல்டரின் உடம்பு, மோட்டாரின் கறுப்பு ஒயர், இன்ஜின் பிளாக். அந்தச் சாமானை ஓடவிடுங்கள். மீட்டர் காட்டும் வோல்ட் முழுவதும் எர்த் வழியில் வீணாகப் போவது. விளக்கு, வைப்பர், ஹீட்டர் மோட்டார் போன்றவற்றுக்கு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த், 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிரித்துத்தான் ஆக வேண்டும். சாமானை அணைத்துவிட்டு அளந்தால் எவ்வளவு கெட்ட எர்த்தும் சுத்தமான பூஜ்யம் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாத இடத்தில் டிராப் (வோல்டேஜ் இழப்பு) இல்லை.

செல்ஃப் மோட்டாருக்கு இதே சோதனையை இரண்டு பேர் சேர்ந்து செய்வது வசதி. முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்யுங்கள். பாயின்ட் (காயிலின் கரண்டை வெட்டிவிடும் தொடுமுனை) வைத்த பெட்ரோல் காரில் இக்னிஷன் காயிலுக்கு வரும் பிளஸ் ஒயரைக் கழற்றினால் போதும்; டீசலில் ஃப்யூவல் கட்-ஆஃப் சோலனாய்டின் ஒயர். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. கறுப்பு புரோப் பேட்டரி மைனஸ் முனையில், சிவப்பு புரோப் செல்ஃப் மோட்டாரின் உடம்பில். ஒருவர் நான்கைந்து விநாடி செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் படிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.5 தாண்டினால் எங்கே என்று தேட வேண்டும். தேடுவது எளிது: கறுப்பு புரோப்பை நகர்த்தாமல் சிவப்பை மட்டும் படிப்படியாக நகர்த்துங்கள். முதலில் கிளாம்ப், அடுத்து கேபிளின் மறுமுனை லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்), பிறகு அதை முடுக்கிய போல்ட், பிளாக், கடைசியில் மோட்டார். ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை செல்ஃப் அடித்துப் பாருங்கள். எண் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. கேபிள் இரு முனையிலும் பளபளவென்று இருந்து, நடுவில் மட்டும் 0.8 வோல்ட் குதித்தால், லக்கினுள்ளேயோ உறைக்கு உள்ளேயோ செம்பு கறுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டர் கையில் இல்லையா? ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் கவ்வவைத்துச் செல்ஃப் அடியுங்கள். முனகிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. விளக்குகளுக்கும் இதே வித்தைதான். மூன்று மீட்டர் ஒயரில் இரு முனையிலும் கிளிப், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் எதற்கென்றால், கிளிப் தவறிப்போய் பிளஸ்ஸைத் தொட்டால் ஒயர் எரியாமல் இருப்பதற்கு. எல்இடி வைத்த டெஸ்டரை எர்த் பார்க்க நம்ப வேண்டாம். அது சில மில்லிஆம்பியரில் எரிந்துவிடும். 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை எர்த் பாயின்டிலும் வைத்தால், மங்கலாக எரியும் இடமே குற்றவாளி.

இன்ஜின் எர்த் பட்டை முழுதாக அறுந்துவிட்டால் நடப்பது ஆபத்தானது. கரண்ட் நின்றுவிடாது, வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என இன்ஜினையும் பாடியையும் தொடும் உலோகம் எதுவோ அதன் வழியாக 100 ஆம்பியருக்கு மேல் பாயும். கேபிள் உறை உருகும், உள்ளே கம்பி ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் சூடாக இருந்தால், அல்லது இன்ஜின் வேலை பார்த்த சில நாளில் கேபிள்கள் ஒவ்வொன்றாக இறுகினால், எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டார்களா என்று குனிந்து பாருங்கள். புதுக் கேபிள் போடுவது அதற்குப் பிறகு.

பின்பக்க விளக்கின் விநோதங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டெயில் லாம்ப் பல்பில் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் பொது எர்த் அந்தப் பித்தளை உடம்பு. அந்த எர்த் விட்டுப்போனபின் பிரேக்கை மிதித்தால், 21 வாட் இழை வழியாக வந்த கரண்ட் பித்தளைக்கு வந்து, போக வழியில்லாமல், 5 வாட் இழையில் பின்பக்கமாக ஏறி, டெயில் லாம்ப் ஒயரில் கலந்து, மற்ற பார்க்கிங் விளக்குகளின் எர்த்தைப் பிடித்துவிடும். தொடரில் அதிகத் தடை உள்ள 5 வாட் இழைதான் பெரும்பங்கு வோல்டேஜை எடுத்துக்கொள்வதால் அது எரியும், பிரேக் இழை எரியாது. இரு பக்க எர்த்தும் ஒரே திருகாணியில் இருந்து அது விட்டிருந்தால், மிச்சக் கரண்ட் மீட்டர் போர்டு விளக்கு வரை போய் அங்கே மினுங்கும். இதை உறுதிசெய்ய மீட்டர்கூட வேண்டாம். டெயில் லாம்பை எரியவிட்டு, பிறகு பிரேக்கை மிதியுங்கள். பிரகாசம் கூட வேண்டிய விளக்கு அணைந்துபோனால் அந்தப் பக்கம் எர்த் இல்லை. இரண்டு இழைகளின் வெளிமுனையிலும் 12 வோல்ட் வந்துவிட, கரண்ட் ஓட இடமே இல்லாமல் போகிறது.

இங்கே குற்றம் பெரும்பாலும் ஒயரில் இருப்பதில்லை. ஹோல்டரை விளக்குத் தட்டோடு சேர்க்கும் ரிவெட்டைப் பாருங்கள். ஹோல்டர் பித்தளை அல்லது துத்தநாகம் பூசிய இரும்பு, ரிவெட் அலுமினியம். நடுவில் வெள்ளைப் பொடி. இதை எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆறு மாதத்தில் திரும்பி வரும். ஹோல்டரின் உடம்பிலேயே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சால்டர் செய்து, பாடியில் நல்ல இடத்துக்கு நேராகக் கொண்டுபோவதுதான் நிரந்தர வழி. பல்பு உட்காரும் உள்பக்கத்தைச் சின்னக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் மறக்காதீர்கள்.

மீட்டர் போர்டில் முள்கள் பொய் சொல்வதற்குப் பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கும் ஒற்றை எர்த் ஒயரே காரணம். பழைய பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல், டெம்பரேச்சர் முள்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் சின்ன ஸ்டெபிலைசர் டப்பா இருக்கும். அதன் உள்ளே இருக்கும் சூடாகும் கம்பி தன் உடம்பு வழியாக எர்த் பிடிக்கிறது. அந்த எர்த் போனால் அது வோல்டேஜை வெட்டி வெட்டிக் குறைத்து விடுவதை நிறுத்திவிட்டு முழு 12 வோல்ட்டையும் தள்ளும். இரண்டு முள்களும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டினால், இன்ஜின் சூடாகிறது என்று ரேடியேட்டரைப் பிரிக்காமல் அந்த டப்பாவின் திருகாணியை முதலில் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் முள் மட்டும் தகராறு செய்தால் டேங்க் மிதவையின் எர்த். இதில் காருக்குக் கார் வித்தியாசம் உண்டு. டேங்க் காலியாக இருக்கும்போது மிதவையின் தடை அதிகமாகும் வகையில், எர்த் கெட்டால் முள் காலிப் பக்கம் சாயும். பல அமெரிக்க கார்களில் தலைகீழ்: காலிக்குத் தடை பூஜ்யம், நிறைந்தால் 90 ஓம், அங்கே எர்த் விட்டால் டேங்க் எப்போதும் நிறைந்தே காட்டும். நடுவழியில் நிற்க வைப்பது இந்த இரண்டாம் வகைதான்.

பேட்டரி தண்ணீர் அடிக்கடி வற்றுகிறதா? சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகரத்தில்) தனியாகத் திருகப்பட்ட கார் என்றால் அதன் எர்த்தையும் சோதியுங்கள். அந்த எர்த்தில் டிராப் இருந்தால் ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் குறைவாகத் தெரியும். அது குறையை ஈடுகட்ட ஆல்டர்னேட்டரை இன்னும் விரட்டும். பேட்டரி முனைகளில் 15 வோல்ட்டுக்கு மேல் வந்தும் ரெகுலேட்டர் தன் கணக்கில் சரியாக வேலை செய்துகொண்டிருக்கும். புது ரெகுலேட்டரை அதே துருவின் மேல் திருகினால் அதுவும் இதையே செய்யும்.

இனி, எர்த் பாயின்டைச் சரிசெய்யும் விதம். பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. போல்ட் துருப்பிடித்திருந்தால் துரு விடுக்கும் எண்ணெய் போட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள்; தலை முறிந்துவிட்டால் வேலை மூன்று மடங்கு. போல்ட் ஓட்டையைச் சுற்றி, டெர்மினலைவிட அரை அங்குலம் அகலமாக, 120 உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும் வரை தேய்க்கவும். சாம்பல் நிறம் போதாது. கண்ணில் பளிச்சென்று அடிக்க வேண்டும். ரிங் டெர்மினலின் இரு பக்கமும், போல்ட்டின் தலைக்கு அடியும், மரையும் அதே மாதிரி. டெர்மினல் கறுத்துக் குழிவிழுந்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுவது மேல். ஒயரை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு ஆரஞ்சு நிறமாக இல்லாமல் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால், நல்ல நிறம் வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தந்துகி போல ஈரம் உள்ளே ஏறியிருக்கும். ஒரு சாண் தாண்டியும் கறுப்பாக இருந்தால் ஒயரையே மாற்றிவிடலாம்.

மாட்டும்போது டெர்மினல் நேராக வெறும் உலோகத்தில் உட்கார வேண்டும். பல் வைத்த ஸ்டார் வாஷரை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. டெர்மினலுக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்தால் பற்கள் மட்டும் தொடும், தட்டையான பரப்பு முழுதும் வீணாகும். போல்ட் தலைக்கு அடியில் வைப்பதே சரியாகப் படுகிறது. கம்பெனியே நடுவில் வைத்திருந்த இடத்தில் அப்படியே விடலாம். ஒரே போல்ட்டில் மூன்று டெர்மினலுக்கு மேல் அடுக்க வேண்டாம். நான்காவதற்குப் பக்கத்தில் இன்னோர் ஓட்டை. முடுக்கிய பிறகு, முன்னால் அல்ல, மேலே வாஸ்லின் தடவி ஈரத்தைத் தடுங்கள். அந்த மசகு கரண்டைக் கடத்துவதில்லை, கடத்துவது அழுத்தம். அலுமினியத்தில் முடுக்கும்போது மட்டும் தேய்த்த உடனே வாஸ்லினை மெல்லிய பூச்சாகத் தடவி முடுக்கலாம், ஏனென்றால் அலுமினியம் காற்றுப் பட்டதும் திரும்பப் படலம் போர்த்திக்கொள்ளும். தகரத்தில் நேராக ஏறும் சுய மரைத் திருகாணிகள் பழைய கார்களின் சாபம். மாற்ற முடிந்த இடத்தில் ஓட்டையை விரித்து 6 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் போடுங்கள்.

கேபிள் அளவில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் காரில் 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர், டீசலில் 50. 35 சதுர மில்லிமீட்டர் செம்பில் 150 ஆம்பியருக்கு மீட்டருக்கு 0.075 வோல்ட்தான் போகும். 16 சதுர மில்லிமீட்டரில் அது 0.16 ஆகிவிடும். பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையே 16 போதும். ஹெட்லைட் ஜோடிக்கு 2.5, மீட்டர் போர்டுக்கு 1.5. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் பார்க்கத் தடிமனாக இருக்கும், எடை காட்டிக்கொடுத்துவிடும், அதைத் தவிருங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவது கிரிம்ப் ஆகாது. அறுகோண அச்சு கொண்ட கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினால் ஈரம் ஏறாது. ஆடும் இடத்தில் லக்கில் ஈயம் ஊற்றினால், ஈயம் முடியும் இடத்தில் கேபிள் விறைத்து, அங்கேயே அறும்.

ஒயர் நிறத்தை நம்பி வெட்டுவதற்கு முன் காரின் பூர்வீகத்தைப் பாருங்கள். ஜெர்மன் கார்களில் பழுப்பு நிறம்தான் எர்த், வரைபடத்தில் 31 என்ற எண். பழைய பிரிட்டிஷ் கார்களில் எர்த் கறுப்பு; பழுப்பு என்றால் ஃபியூஸ்கூட இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் பிளஸ். அதை எர்த் என்று பாடியில் திருகினால் ஒயரிங் கட்டு முழுவதும் புகையும். அதோடு 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் பாடியில் கட்டப்பட்டிருந்தது. அங்கே சோதனை அதே சோதனைதான், கறுப்பு புரோப் பேட்டரியின் பிளஸ் முனையில். மீட்டர் கழித்தல் குறியோடு காட்டும், எண்ணை மட்டும் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் பாடி என்றால் தகரமே இல்லை, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சேசிஸ் வரை போக வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் ஹாரன் வேலை செய்யும் கார்களில், ஸ்டீயரிங் தண்டுக்கு நடுவே இருக்கும் ரப்பர் கப்ளிங்கைத் தாண்டிப் போகும் சின்ன எர்த் ஒயரைத் தேடுங்கள். ரப்பரை மாற்றிய கையோடு அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

1980களுக்குப் பிந்தைய, கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்ஷன் கார்களில் ஒரு எச்சரிக்கை. சென்சார்களின் எர்த் கம்ப்யூட்டருக்குத் தனியாகத் திரும்புகிறது. வசதி என்று அதைப் பக்கத்துப் பாடியில் கட்டிவிடாதீர்கள். ஒற்றை ஒயர் ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் குழாயின் மரை வழியாகத்தான் எர்த் பிடிக்கிறது. அது கொடுக்கும் சிக்னலே சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள். இன்ஜின் எர்த்தில் 0.2 வோல்ட் டிராப் இருந்தால் விளக்குக்கு அது ஒன்றுமில்லை, இந்தச் சென்சாருக்கோ அது பெரிய பொய். இங்கே 0.05 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின், பாடி, மீட்டர் போர்டு, டிக்கி என நான்கு இடங்களில் அளந்து, எண்களை பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எல்லா இடத்திலும் சுத்தமாக வந்தும் விளக்கு மங்கலாகவே இருந்தால், அதே மீட்டரை பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ் முனைக்கும் நடுவே வையுங்கள். ஸ்விட்சோ ஃபியூஸ் கிளிப்போ அங்கே 2 வோல்ட்டைத் தின்றுகொண்டிருக்கும்.